ஒரு காகிதம், ஒரு பென்சில், இரண்டு பேர்!

சீட்டுக்கட்டு வேண்டாம். கேரம் பலகை வேண்டாம். செல்போனும் வேண்டாம்.

பின்பக்கம் காலியாக இருக்கும் பழைய படிவம் ஒன்று போதும். கையில் ஒரு பென்சில். எதிரே ஓர் ஆள். ஆட்டத்தை ஆரம்பித்து விடலாம்!

பள்ளிக்கூடத்தில் வாத்தியார் கரும்பலகைப் பக்கம் திரும்பியதும் கடைசி பெஞ்சில் நடக்குமே, அந்த ஆட்டங்கள்தான் இவை. பெருக்கல் குறியும் பூஜ்யமும் போட்டு ஆடுவது, புள்ளி வைத்துப் பெட்டி கட்டுவது, 25 கட்டத்தில் எண்களை எழுதி ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வரும் "பிங்கோ" ஆட்டம்... பெயர் ஊருக்கு ஊர் மாறும். ஆட்டம் ஒன்றுதான்.

"அதெல்லாம் சின்னப்பிள்ளை விளையாட்டு" என்று ஒதுக்கி விடுகிறவர்கள் உண்டு. ஆனால் பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் இந்த ஆட்டங்களை வைத்துப் புத்தகமே எழுதியிருக்கிறார்கள். சில ஆட்டங்களின் முடிவைக் கம்ப்யூட்டர்கள் பல ஆண்டு முயன்றும் முழுதாகக் கண்டுபிடிக்கவில்லை.

மொழி தெரிய வேண்டாம்

ஊரில் இருந்து மும்பைக்குப் புதிதாக வந்து இறங்குகிறவரை நினைத்துப் பாருங்கள். தாராவியிலோ, கல்யாணிலோ, அம்பர்நாத்திலோ சொந்தக்காரர் வீட்டில் தங்குகிறார். வேலையும் கிடைத்து விடுகிறது. ஆனால் இந்தி வராது. மராத்தி புரியாது.

மதியச் சாப்பாட்டு வேளையில் பக்கத்தில் உட்கார்ந்து டப்பாவைத் திறப்பவர் ரத்தினகிரிக்காரர். என்ன பேசுவது? ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரிக்கலாம். ஊறுகாயைப் பங்கு போடலாம். அதற்கு மேல்?

ஒரு தாளில் 16 புள்ளி வைத்து, ஒரு கோடு போட்டு, பென்சிலை அவரிடம் நீட்டினால் போதும். அவரும் பள்ளிக்கூடத்தில் இதை ஆடியவர்தான். விளக்கம் தேவைப்படாது. அரை மணி நேரம் ஒரு வார்த்தை பேசாமல் இருவரும் மல்லுக்கு நிற்கலாம். மறுநாள் அவரே தாளோடு வந்து விடுவார்.

வீட்டுக்குள்ளும் இதே கதைதான். பிள்ளை ஆங்கிலப் பள்ளியிலோ மராத்திப் பள்ளியிலோ படிக்கிறது. வீட்டுப் பாடத்தில் சந்தேகம் கேட்டால் அப்பாவுக்குச் சொல்லத் தெரியாது. "அம்மாவிடம் கேள்" என்பார். அம்மா "அப்பாவிடம் கேள்" என்பாள். பிள்ளையும் இரண்டு முறை கேட்டுப் பார்த்துவிட்டு, பிறகு கேட்பதையே விட்டு விடும். அதே நோட்டின் கடைசிப் பக்கத்தில் புள்ளி வைத்து உட்கார்ந்தால் அப்பாவும் பிள்ளையும் சரிக்குச் சமம். அங்கே எட்டாம் வகுப்பும் பத்தாம் வகுப்பும் செல்லாது.

காசு ஒட்டாத ஆட்டம்

"சீட்டு ஆடவும்தான் மொழி வேண்டாமே!" என்று கேட்கலாம். உண்மை. கல்யாணில் ஏறி சி.எஸ்.எம்.டி.யில் இறங்கும் வரை மடியில் பெட்டியை வைத்துச் சீட்டுப் போடும் கூட்டம் மும்பைக்குப் புதிதல்ல. பொழுது போக்குக்காக ஆடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் சீட்டு இருக்கும் இடத்துக்குக் காசும் எப்படியோ வந்து சேர்ந்து விடுகிறது.

இந்த நகரம் அதை நன்றாக அறியும். 1960-களில் பம்பாயில் தலையெடுத்த மட்கா, நியூயார்க் பருத்திச் சந்தையின் விலை எண்களை வைத்துத் தொடங்கிய சூதாட்டம். மில் பகுதிகளில் எத்தனையோ சம்பளக் கவர்கள் வீடு போய்ச் சேரும் முன்பே மெலிந்து போயின. பிறகு செல்போனிலேயே ரம்மி வந்தது. கடனாளியாகி உயிரை விட்டவர்களைப் பற்றித் தமிழ்நாட்டில் அடுத்தடுத்துச் செய்திகள் வந்தன. 2023-ல் தமிழக அரசு அதற்கென்று ஒரு சட்டம் கொண்டு வந்தது. 2025 ஆகஸ்டில் பாராளுமன்றமே, பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடை செய்யும் சட்டத்தை நிறைவேற்றியது.

காகித ஆட்டத்தில் மட்டும் ஏன் காசு ஒட்டுவதில்லை?

அதிர்ஷ்டம் இல்லாததுதான் காரணம். தாயக்கட்டை உருளும். சீட்டு மாறி மாறி வரும். "அடுத்த கை நமக்குத்தான்" என்று ஆசைப்பட இடம் இருக்கிறது. அந்த ஆசையை வைத்துத்தான் சூதாட்டமே நடக்கிறது. புள்ளி ஆட்டத்தில் எதுவும் மறைந்திருக்கவில்லை. எல்லாக் கோடும் இரண்டு பேருக்கும் தெரியும்படி தாளில் கிடக்கிறது. கெட்டிக்காரனிடம் தோற்போம் என்று தெரிந்த பிறகு எவன் பணம் கட்டுவான்?

இதில் ஒரு கசப்பும் உண்டு. சீட்டில் தோற்றவன் "எனக்குச் சீட்டே சரியாக விழவில்லை" என்று சொல்லிக்கொள்ளலாம். புள்ளி ஆட்டத்தில் தோற்றவன் அப்படிச் சொல்ல முடியாது. தோல்விக்குக் காரணமான கோடு அவன் கையால் போட்டது. தாளில் அப்படியே இருக்கிறது!

பெருக்கலும் பூஜ்யமும்

ஒன்பது கட்ட ஆட்டத்தை எல்லாருக்கும் தெரியும். குறுக்கே மூன்று, நெடுக்கே மூன்று, மூலைக்கு மூலை இரண்டு. ஆக மொத்தம் எட்டு வழிகளில் ஜெயிக்கலாம்.

இதில் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டியது அதிகம் இல்லை. எதிராளி முதலில் மூலையைப் பிடித்தால் நீங்கள் நடுக்கட்டத்தைப் பிடித்தே தீரவேண்டும். வேறு எங்கே போட்டாலும் அவர் உங்களை வீழ்த்த வழி இருக்கிறது. நடுவில் போட்ட பிறகு அவர் எதிர் மூலையையும் பிடித்தால் நீங்கள் மீதி இருக்கும் மூலைகளுக்கு ஆசைப்படக் கூடாது. பக்கத்துக் கட்டத்தில் போடுங்கள். பிழைத்துக்கொள்வீர்கள்.

இரண்டு பேரும் தவறு செய்யாமல் ஆடினால் இந்த ஆட்டம் சமநிலையில்தான் முடியும். அதனால் பத்து வயதுக்கு மேல் அலுத்துப் போகிறது.

ஆனாலும் இந்தச் சின்ன ஆட்டத்துக்கு ஒரு பெரிய பெருமை உண்டு. 1961-ல் டொனால்டு மிச்சி என்ற ஆங்கிலேய விஞ்ஞானி, 304 தீப்பெட்டிகளை வைத்து இந்த ஆட்டத்தை ஆடும் "எந்திரம்" ஒன்றைச் செய்தார். கம்ப்யூட்டர் கிடைப்பது அரிதாக இருந்த காலம் அது.

ஆட்டத்தில் வரக்கூடிய ஒவ்வொரு நிலைமைக்கும் ஒரு தீப்பெட்டி. அதற்குள் பல நிற மணிகள். ஒவ்வொரு நிறமும் ஒரு கட்டத்தைக் குறிக்கும். அந்த நிலைமைக்குரிய பெட்டியைக் குலுக்கினால் முன்னால் வந்து நிற்கும் மணி எந்த நிறமோ அந்தக் கட்டத்தில் ஆட வேண்டும். ஆட்டத்தில் ஜெயித்தால் அந்த நிற மணிகள் மூன்று கூடுதலாகப் போடுவார். தோற்றால் அந்த மணியை எடுத்து விடுவார். ஆட ஆடத் தவறான மணிகள் குறைந்தன. நல்ல மணிகள் பெருகின. கடைசியில் அந்தத் தீப்பெட்டிக் குவியல் நன்றாகவே ஆடக் கற்றுக்கொண்டது!

எந்திரம் தானாகக் கற்றுக்கொள்ளும் என்று இன்று ஊரெல்லாம் பேசுகிறார்களே, அதன் ஆரம்ப காலச் சோதனைகளில் இதுவும் ஒன்று. கோவில்பட்டி, சாத்தூர்ப் பக்கத்தில் இருந்து வந்தவர்கள் சின்ன வயதில் எத்தனை தீப்பெட்டி ஒட்டியிருப்பார்கள்! அது ஆட்டம் கற்றுக்கொள்ளும் என்று யார் நினைத்தார்கள்?

20 கோடு

இன்னொரு ஆட்டம். 20 சின்னக் கோடுகளை வரிசையாகப் போடுங்கள். ஒருவர் மாற்றி ஒருவர் ஒன்றோ, இரண்டோ, மூன்றோ அடிக்கலாம். கடைசிக் கோட்டை அடிப்பவருக்கு வெற்றி.

ரகசியம் ஒரே வரி. எதிராளியை முதலில் ஆட விடுங்கள். அவர் 1 அடித்தால் நீங்கள் 3. அவர் 2 அடித்தால் நீங்கள் 2. அவர் 3 அடித்தால் நீங்கள் 1. நாலு நாலாகக் குறையும். கடைசிக் கோடு உங்களுக்குத்தான். இது தெரிந்த இரண்டு பேர் உட்கார்ந்தால் ஆடவே வேண்டியதில்லை. ஆட்டம் செத்துப் போனது!

சாகாத ஆட்டம் ஒன்று இருக்கிறது.

பெட்டி கட்டுதல்

நெடுக்கே நாலு, குறுக்கே நாலு என்று 16 புள்ளி வையுங்கள். பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளை இணைத்து ஒருவர் மாற்றி ஒருவர் ஒரு கோடு போட வேண்டும். நாலாவது பக்கத்தை மூடுகிறவருக்கு அந்தப் பெட்டி சொந்தம். உள்ளே தன் பெயரின் முதல் எழுத்தை எழுதிக்கொள்ளலாம். பெட்டி பிடித்தவர் உடனே இன்னொரு கோடும் போட்டே ஆக வேண்டும். மொத்தம் 24 கோடு, 9 பெட்டி. 5 பெட்டி பிடித்தவர் ஜெயித்தவர்.

எல்லாருக்கும் முதலில் பிடிபடுவது ஒரு பாடம்தான். எந்தப் பெட்டிக்கும் மூன்றாவது கோட்டைப் போடாதே. போட்டால் எதிராளி நாலாவதைப் போட்டுக்கொண்டு போய் விடுவான். அதனால் இரண்டு பேரும் பயந்து பயந்து கோடு போடுவார்கள். ஒரு கட்டத்தில் பயமில்லாமல் போடக்கூடிய கோடே மிச்சம் இருக்காது. ஒவ்வொரு பெட்டிக்கும் இரண்டு பக்கம் மூடி, இரண்டு பக்கம் திறந்து கிடக்கும்.

அப்போது தாளைக் கவனித்துப் பாருங்கள். திறந்த பக்கங்கள் வழியாகப் பெட்டிகள் ஒன்றோடு ஒன்று கோத்துக்கொண்டு நிற்கும். ரெயில் பெட்டிகள் மாதிரியே! ஒரு ரெயிலில் யாராவது ஒரு கோடு போட்டு விட்டால் அந்த ரெயில் முழுவதும் அடுத்தவருக்குப் போய் விடும்.

உதாரணமாக, 4 பெட்டி ரெயில் ஒன்றும் 5 பெட்டி ரெயில் ஒன்றும் மிச்சம் என்று வைத்துக்கொள்வோம். இப்போது ஆட வேண்டியது எதிராளி. வேறு வழி இல்லாமல் சின்ன ரெயிலைத் திறந்து விடுகிறார்.

நீங்கள் என்ன செய்வீர்கள்?

நூற்றுக்குத் தொண்ணூறு பேர் 4 பெட்டிகளையும் ஆவலாக அள்ளிக்கொள்வார்கள். அள்ளிய பிறகு ஒரு கோடு போட்டே ஆக வேண்டுமே! மிச்சம் இருப்பது 5 பெட்டி ரெயில் மட்டும். அதைத் திறந்து விட வேண்டியதுதான். எதிராளி ஐந்தையும் எடுத்துக்கொள்வார். 4-க்கு 5. நீங்கள் அவுட்!

கெட்டிக்காரர் அப்படி ஆட மாட்டார்.

முதல் இரண்டு பெட்டியை மட்டும் பிடிப்பார். மிச்சம் இரண்டு பெட்டி இருக்கிறது. அடுத்த பெட்டியைப் பிடிக்காமல், ரெயிலின் கடைசியில் திறந்திருக்கும் பக்கத்தை மூடி விடுவார். இப்போது அந்த இரண்டு பெட்டிக்கும் நடுவே ஒரே ஒரு கோடுதான் பாக்கி. எதிராளி அந்தக் கோட்டைப் போட்டால் இரண்டு பெட்டியும் அவருக்கு. அவருக்குச் சந்தோஷம்தான். ஆனால் பெட்டி பிடித்தவர் மறுபடியும் ஆட வேண்டுமே? இப்போது அவர்தான் 5 பெட்டி ரெயிலைத் திறந்து விட வேண்டும்! ஐந்தும் உங்களுக்கு.

கணக்குப் பாருங்கள். முதலில் பிடித்தது 2, கடைசியில் பிடித்தது 5. மொத்தம் 7. எதிராளிக்கு 2.

கையில் விழுந்த இரண்டு பெட்டியை விட்டுக் கொடுத்ததால் வந்த வெற்றி இது. சொன்னால் எளிதாக இருக்கிறது. ஆடும்போது விடத்தான் மனசு வராது. அதிலும் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்க்கும் இரண்டு பேர், "ஐயோ, பெட்டியை விட்டுட்டாரே, பார்க்காம விட்டுட்டாரே!" என்று கத்துவார்கள். கத்தட்டும்.

மூன்று பெட்டியோ அதற்கு மேலோ உள்ள ரெயில் எதுவானாலும் இந்த வித்தை பலிக்கும். நீளமான ரெயில்கள் பல இருந்தால் ஒவ்வொன்றிலும் கடைசி இரண்டு பெட்டியைக் கழற்றி விட்டு, கடைசி ரெயிலை மட்டும் முழுதாக எடுத்துக்கொள்ளலாம். கழற்றி விடுகிறவர் கையில்தான் ஆட்டம் முழுவதும் இருக்கும்.

இதற்கும் மேலே

இரண்டு பேருக்கும் இந்த வித்தை தெரிந்து விட்டால்? அப்போதுதான் ஆட்டம் உண்மையிலேயே சூடு பிடிக்கிறது.

யார் முதலில் நீள ரெயிலைத் திறக்க வேண்டி வரும் என்பதே இப்போது கேள்வி. இதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. 16 புள்ளி ஆட்டத்தில் முதலில் ஆடியவர், மூன்று பெட்டிக்குக் குறையாத நீள ரெயில்கள் இரட்டைப்படையில் அமையும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். இரண்டாவதாக ஆடுபவர் ஒற்றைப்படையில் அமையும்படி பார்க்க வேண்டும். மேலே சொன்ன உதாரணத்தில் நீள ரெயில் இரண்டு. அதனால்தான் முதலில் ஆடியவருக்கு ஆட்டம் போனது.

25 புள்ளி வைத்து ஆடினால் இந்தக் கணக்கு தலைகீழ். 36 புள்ளி வைத்தால் மறுபடியும் 16 புள்ளிக் கணக்கேதான். வட்டமாகச் சுற்றி மூடிக்கொண்ட ரெயில்கள் இதில் சேராது.

ஆக, இரண்டு பேரும் பெட்டி பிடிப்பதற்காகச் சண்டை போடவில்லை. ஒருவர் நீள ரெயிலை இரண்டாக வெட்டப் பார்க்கிறார். மற்றவர் இரண்டு குட்டி ரெயில்களை ஒன்றாகக் கோக்கப் பார்க்கிறார். பெட்டி ஒன்று கூட விழாத ஆரம்பத்திலேயே ஆட்டத்தின் தலைவிதி நிச்சயமாகி விடும். வெளியில் இருந்து பார்ப்பவருக்கோ, இரண்டு பேர் சும்மா கோடு கிறுக்குவது போல இருக்கும்.

பிரெஞ்சுக்காரர் எழுதிய புத்தகம்

இந்த ஆட்டத்தைப் பற்றி முதலில் எழுதியவர் எடுவர் லூக்கா என்ற பிரெஞ்சுக் கணித மேதை. 1889-ல் ஒரு சிறு புத்தகம் போட்டார். பாரிசில் உள்ள புகழ்பெற்ற என்ஜினீயரிங் கல்லூரியான எகோல் பாலிடெக்னிக் மாணவர்கள் உருவாக்கிய ஆட்டம் என்று அதில் சொன்னார். அங்கேயும் பாட நேரத்தில்தான் ஆடியிருப்பார்களோ என்னவோ!

லூக்காவின் முடிவு பரிதாபமானது. 1891-ல் ஒரு விருந்தில் பரிமாறுகிறவர் கை தவறிப் பாத்திரங்களைக் கீழே போட்டார். உடைந்த சில்லு ஒன்று பறந்து லூக்காவின் கன்னத்தில் வெட்டியது. அந்தக் காயத்தில் விஷக்கிருமி ஏறி, சில நாட்களில் இறந்து போனார். வயது 49.

கடைசி இரண்டு பெட்டியைக் கழற்றி விடும் வித்தையின் கணக்கை உலகுக்கு விளக்கியவர் எல்வின் பெர்லிகாம்ப் என்ற அமெரிக்கப் பேராசிரியர். சின்ன வயதில் பள்ளியில் கற்ற ஆட்டத்தை அவர் விடவே இல்லை. 2000-ம் ஆண்டில் பெட்டி கட்டும் ஆட்டத்துக்கென்றே ஒரு தனிப் புத்தகம் எழுதினார். 2019-ல் காலமானார்.

20 பெட்டி உள்ள ஆட்டத்தை, அதாவது 4-க்கு 5 அளவில், இரண்டு பேரும் தவறின்றி ஆடினால் யாருக்கு வெற்றி? சமநிலைதான் என்று 2012-ல் கம்ப்யூட்டர் மூலம் கண்டுபிடித்தார்கள். வெறும் 20 பெட்டிக்கு அவ்வளவு பெரிய கணக்கு! அதனால் 36 புள்ளி வைத்து உட்காரும் இரண்டு குமாஸ்தாக்கள், ஆட்டம் அலுத்து விடுமோ என்று கவலைப்பட வேண்டியதில்லை.

சிவப்பு-நீலப் பென்சில்

ஒரு முனை சிவப்பு, மறு முனை நீலம். பழைய ஆபீஸ் மேஜைகளில் கிடக்குமே, அந்தப் பென்சிலுக்கென்றே செய்தது போல ஒரு ஆட்டம் உண்டு. 1969-ல் குஸ்டாவஸ் சிம்மன்ஸ் என்ற அமெரிக்கர் அதை வெளியிட்டார். "சிம்" என்று பெயர்.

வட்டமாக 6 புள்ளி வையுங்கள். ஒருவர் சிவப்பு, மற்றவர் நீலம். ஒருவர் மாற்றி ஒருவர் ஏதாவது இரண்டு புள்ளிகளை இணைத்துக் கோடு போட வேண்டும். மொத்தம் 15 கோடுகளுக்கு இடம் இருக்கிறது. மூன்று புள்ளிகளைச் சேர்த்து ஒரே நிறத்தில் முக்கோணம் அமைந்தால் அந்த நிறக்காரர் தோற்றார்!

இதில் சமநிலையே வராது. 15 கோடும் நிரம்புவதற்குள் யாராவது ஒருவர் மாட்டியே தீருவார்.

ஏன்? ஏதாவது ஒரு புள்ளியை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் இருந்து 5 கோடுகள் போகும். இரண்டே நிறம் என்பதால் அவற்றில் குறைந்தது மூன்று ஒரே நிறம். சிவப்பு என்று வைத்துக்கொள்வோம். அந்த மூன்று கோடுகளும் போய்ச் சேரும் மூன்று புள்ளிகளைப் பாருங்கள். அவற்றுக்கு இடையே ஒரு சிவப்புக் கோடு இருந்தாலும் சிவப்பு முக்கோணம் ஆகி விடும். ஒன்று கூட இல்லை என்றால் மூன்றும் நீலம். அதுவே நீல முக்கோணம்!

இதையே ரெயில் பெட்டிக்கும் சொல்லலாம். எந்த 6 பயணிகளை எடுத்துக்கொண்டாலும், ஒருவரை ஒருவர் தெரிந்த மூன்று பேர் அதில் இருப்பார்கள். அல்லது ஒருவரை ஒருவர் தெரியாத மூன்று பேராவது இருப்பார்கள். இந்த வகைக் கணக்குகளுக்கு வழி திறந்தவர் பிராங்க் ராம்சே என்ற ஆங்கிலேயர். 1930 ஜனவரியில் இறந்தபோது அவருக்கு வயது 26 மட்டுமே.

"சிம்" ஆட்டத்தில் தவறே செய்யாமல் ஆடினால் இரண்டாவதாக ஆடுபவருக்குத்தான் வெற்றி என்று 1974-ல் காட்டினார்கள். அந்த வழியை மனப்பாடம் செய்வது லேசு அல்ல. பயப்படாமல் ஆடலாம்.

டீ நேரத்தில் பிறந்தது

1967-ம் ஆண்டு பிப்ரவரி 21-ந்தேதி. இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம். டீ நேரம். ஜான் கான்வே என்ற கணித ஆசிரியரும், மைக்கேல் பேட்டர்சன் என்ற மாணவரும் ஒரு தாளில் ஏதோ கிறுக்கிக்கொண்டு இருந்தார்கள். எழுந்தபோது புதிய ஆட்டம் பிறந்திருந்தது. "முளை" என்று பொருள்படும் பெயரை அதற்கு வைத்தார்கள்.

இரண்டு, மூன்று புள்ளி வையுங்கள். இரண்டு புள்ளிகளை இணைத்து ஒரு கோடு இழுங்கள். கோடு எப்படி வேண்டுமானாலும் வளையலாம். புறப்பட்ட புள்ளிக்கே சுற்றி வந்து சேரலாம். போட்ட கோட்டின் நடுவில் ஒரு புதுப் புள்ளி வைக்க வேண்டும். கோடுகள் ஒன்றை ஒன்று வெட்டக் கூடாது. ஒரு புள்ளியில் மூன்று கோட்டுக்கு மேல் சேரக் கூடாது. கோடு போட இடம் இல்லாமல் திண்டாடுகிறவர் தோற்றவர்.

"புதிது புதிதாகப் புள்ளி முளைத்துக்கொண்டே போனால் ஆட்டம் எப்போது முடியும்?" என்று கேட்கத் தோன்றும். முடிந்து விடும். ஒவ்வொரு புள்ளிக்கும் மூன்று உயிர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கோடு போட்டால் இரண்டு முனைக்கும் சேர்த்து இரண்டு உயிர் போகிறது. புதுப் புள்ளியில் ஏற்கனவே இரண்டு பக்கம் கோடு சேர்ந்து விட்டதால் அதற்கு ஒரே உயிர். ஆக, ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு உயிர் குறைகிறது. 3 புள்ளியில் தொடங்கினால் இருப்பது 9 உயிர். 8 கோட்டுக்கு மேல் போகவே போகாது.

2 புள்ளி ஆட்டத்தில் இரண்டாவதாக ஆடுபவர் ஜெயிக்கலாம். 3 புள்ளி என்றால் முதலில் ஆடுபவர். 1990-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் கம்ப்யூட்டர் வைத்து 11 புள்ளி வரை கணக்குப் பார்த்தார்கள்.

கான்வே பிற்காலத்தில் உலகப் புகழ் பெற்றார். 2020 ஏப்ரலில் கொரோனா அவரைக் கொண்டுபோனது.

ஊர் மண்டபத்தில்...

இப்படிப்பட்ட ஆட்டங்கள் நமக்கு வெள்ளைக்காரன் சொல்லித் தந்தவை அல்ல. தமிழ்நாட்டுக் கோவில் மண்டபங்களின் கல் தரையைக் குனிந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். ஆடு புலி ஆட்டத்தின் கோடுகள் கல்லில் வெட்டியே கிடக்கும். 3 புலி, 15 ஆடு. ஆடு தனியாக மாட்டினால் புலிக்கு இரை. ஆடுகள் சேர்ந்து நின்று வழியை அடைத்தால் புலி நகர முடியாமல் நிற்கும். இதிலும் தாயக்கட்டை இல்லை. அதிர்ஷ்டம் இல்லை.

ஊருக்குப் போகிற ரெயிலில் ஒரு நாளுக்கும் மேல் உட்கார வேண்டி இருக்கிறதே, அதற்கு இந்த ஆட்டம் பொருத்தம். கோடுகளைக் காகிதத்தில் போட்டுக்கொண்டு, புலிக்கு மூன்று புளியங்கொட்டையும் ஆட்டுக்குப் பதினைந்து கடலையும் வைக்கலாம். கடலை குறைந்துகொண்டே வந்தால் எல்லாவற்றுக்கும் புலிதான் காரணம் என்று நினைக்க வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் வாயையும் பாருங்கள்!

எந்த ஊருக்கு எத்தனை புள்ளி?

புறநகர் ரெயிலில் பேனாவை விடப் பென்சில் நல்லது. வண்டி குலுங்கும்போது கோடு கோணலானால் அழித்துவிட்டுப் போடலாம். கோணலான கோட்டைக் காட்டி "இது அந்தப் புள்ளிக்குப் போட்டது" என்று வாதாடுகிறவர்களும் இருக்கிறார்கள். கோடு போட்டவுடன் இரண்டு பேரும் பார்த்து ஒப்புக்கொள்வது நல்லது.

மாட்டுங்காவில் ஏறிக் குர்லாவில் இறங்குகிறவருக்கு 16 புள்ளி போதும். தாதரில் இருந்து தாணா போகிறவர் 36 புள்ளி வைக்கலாம். அதில் 25 பெட்டி. ஒற்றைப்படை என்பதால் யாராவது ஒருவர் நிச்சயம் ஜெயிப்பார். கல்யாண்காரர்களுக்கு 64 புள்ளி, 49 பெட்டி.

மழைக்காலத்தில் தண்டவாளத்தில் தண்ணீர் ஏறி, சயானுக்கும் குர்லாவுக்கும் நடுவே வண்டி நின்று விட்டால் தயங்காமல் 100 புள்ளி வையுங்கள். 180 கோடு, 81 பெட்டி. தண்ணீர் வடிவதற்குள் ஒரு ஆட்டம் முடிந்தால் அதிகம்!